யாருக்காக வரையப்படும் வரைபடங்கள்?
கொழும்பின் அனர்த்த ஆபத்து மதிப்பீடு பற்றிய ஒரு விமர்சனம்

களனி கங்கை கொழும்பு நகரின் வட எல்லையை அணைந்து கடலை நாடிச் செல்லும் வழியில், நாகலகம் வீதியில், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவுகோல் ஒன்று உள்ளது. அவ்வளவுகோலில் நீர் 4 அடியை எட்டுமாயின் அது விழிப்பு நிலை. 5 அடியை எட்டுமாயின் சிறுவெள்ளம். 7 அடியை எட்டுமாயின் பெருவெள்ளம். 1947ஆம் ஆண்டின் பெருவெள்ளமும், 1989ஆம் ஆண்டின் வெள்ளமும், 2016ஆம் ஆண்டு மே மாத வெள்ளமும் அங்கு அளக்கப்பட்டு ஏடுகளிற் பதிவாயின. அளவைப் பொறுத்தவரை குறைகூற இடமில்லை. ஆயின், நீர் 7 அடியை எட்டும்போது கிராண்ட்பாஸிலும் மட்டக்குளியிலும் எந்த ஒழுங்கையில் முதலில் நீர் புகும்? எந்த வீட்டிற் படுக்கையிற் கிடக்கும் முதியவரை முதலில் வெளியே கொணர வேண்டும்? தீயணைப்பு வண்டி எந்தச் சந்தி வரை செல்லும், எவ்விடத்தில் வள்ளம் இறக்கப்பட வேண்டும்? இவ்வினாக்களுக்கு அந்த அளவுகோலில் விடை இல்லை. விடை அறிந்தவர்கள் இந்நகரில் இருக்கின்றனர். அவர்களை எவரும் கேட்பதில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டாகும்.

அனர்த்த ஆபத்து மதிப்பீடு என்பது யாது? இயற்கையாலோ மனிதராலோ நேரக்கூடிய இடர் எது, அதன் பாதையில் யார் யார் இருக்கின்றனர், அவர்கள் அதனைத் தாங்கும் வலுவுடையவரா என்னும் மூன்று வினாக்களையும் ஒருங்கு வைத்து நோக்கி, இழப்பு எவ்வளவு நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிப்பதே அதன் பணி. அக்கணிப்பிற்கு உதவும் வரைபடம், அட்டவணை, சுட்டெண், கணினி மென்பொருள், எச்சரிக்கைப் படிநிலை ஆகிய யாவும் அதன் கருவிகள். கருவி என்று சொன்ன மாத்திரத்தே அதனைக் கையாளும் கை ஒன்று உண்டு என்பது பெறப்படும். உளியைச் செய்யும் கொல்லன் தச்சனின் கையைப் பார்த்தே பிடியைச் சமைக்கின்றான். கொழும்பின் ஆபத்து வரைபடங்களைச் சமைப்போர் எவருடைய கையைப் பார்த்துச் சமைக்கின்றனர்? தீயணைப்பு வீரர், 1990 நோயாளர் காவு வண்டியின் ஊழியர், பொலிஸ் நிலையத்துக் கொன்ஸ்தாபிள், வள்ளமோட்டும் கடற்படைச் சிப்பாய், கால்வாயில் இறங்கும் மாநகர சபைத் தொழிலாளி, கிராம உத்தியோகத்தர் ஆகியோரே அனர்த்த வேளையிற் களத்தில் நிற்போர். இவர்களுடைய கையைப் பாராது செய்யப்படும் கருவி அறிக்கையின் பின்னிணைப்பாக அச்சேறி, அலுமாரியில் உறங்குவதற்கே உரியது.

இது தனி மனிதரின் தவறன்று. அமைப்பிலேயே பதிந்துள்ள கோளாறு இது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலை அனர்த்தத்தில் இலங்கையில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன் விளைவாகவே 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இலங்கை அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் அவ்வாண்டிலேயே தோன்றியது. அச்சட்டம் அமைத்த தேசிய பேரவையின் அங்கத்தவர் யாவர் என நோக்குமிடத்து உண்மை புலனாகும். சனாதிபதி தலைவர்; பிரதமர் உபதலைவர்; எதிர்க்கட்சித் தலைவர், துறைசார் அமைச்சர்கள், மாகாண முதலமைச்சர்கள், எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஐந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் ஏனையோர். நிபுணர்களுக்கெனத் தொழினுட்ப ஆலோசனைக் குழுக்களுக்கும் சட்டத்தில் இடமுண்டு. மேலே அமைச்சர், பக்கத்தில் நிபுணர், கீழே கட்டளையை நிறைவேற்றுவோர் என்னும் அடுக்கிலேயே முழு ஏற்பாடும் நிற்கின்றது. களத்தில் நிற்பவன் செய்பவனாக மதிக்கப்பட்டானேயன்றி அறிபவனாக மதிக்கப்பட்டானல்லன்.

அறிவு இருந்தும் அது போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சேராமையால் நேர்ந்த அழிவுக்கு அந்த ஆழிப்பேரலை நாளே முதற் சான்று. அன்று காலை கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்டு, வெள்ளவத்தைக் கரையோரமாகவே தெற்கு நோக்கிச் சென்ற புகையிரதம் பெரலியவில் அலைக்கு இரையாயிற்று. அதில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்புகையிரதம் பெரலியவை அடையும் முன்னரே கிழக்குக் கரையைக் கடல் விழுங்கத் தொடங்கிவிட்டது. கிழக்கில் நேர்ந்தது மேற்குக் கரையோரப் பாதையில் ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சாரதியை எட்டவில்லை. கடல் கொந்தளிக்கும்போது யார் யாருக்கு அறிவிப்பது, எந்த நிலையத்தில் வண்டியை நிறுத்துவது என்னும் ஏற்பாட்டைப் புகையிரத ஊழியரோடு அமர்ந்து முன்கூட்டியே வகுத்தவர் எவருமில்லை.

அதே நாளில் பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்ததை ஒப்புநோக்குக. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில், மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு ஓர் அறிவு நிலையம் இயங்கி வந்தது. கடலுக்குப் போவோர் அறிய வேண்டிய அலையின் உயரம் முதலிய செய்திகளை ஒலிபெருக்கி மூலம் ஊராருக்கு அறிவிப்பது அதன் வழக்கமான பணி. அன்று சிங்கப்பூரில் இருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து தொலைபேசியில் அழைத்தார். ஊரார் அந்த ஒலிபெருக்கியிலேயே எச்சரிக்கையை முழங்கினர். மக்கள் வெளியேறினர், ஊர் உயிர் தப்பியது. அங்கே பயன்பட்ட ஒலிபெருக்கி பெருஞ்செலவிற் கொணரப்பட்ட கருவியன்று. அது ஊரார் நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல். எச்சரிக்கை எந்த வழியாக வர வேண்டும் என்பது அனர்த்தத்திற்கு முன்னரே அவர்களது வாழ்க்கையில் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

கொட்டாஞ்சேனை இதனை வேறொரு வகையில் அனுபவித்தது. 2019ஆம் ஆண்டு ஏப்ரில் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்பட நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களில் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அத்தாக்குதல் பற்றிய புலனாய்வுத் தகவல் முன்னரே கிடைத்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படாமையைக் கண்டித்து, 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் உயர் நீதிமன்றம் முன்னாள் சனாதிபதியும் பாதுகாப்புத் துறை சார்ந்த உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. தகவல் மேலிடத்தில் இருந்தது. தேவாலய வாயிலில் நின்றவரிடம் அது இருக்கவில்லை. வெள்ளமாயினும் வெடிகுண்டாயினும், அறிவை மேலேயே தேக்கி வைக்கும் ஆட்சிமுறையின் நோய் ஒன்றேயாம்.

மேலிருந்து கீழே செல்ல வேண்டிய அறிவு இவ்வாறு தடைப்படுமாயின், கீழிருந்து மேலே செல்ல வேண்டிய அறிவின் கதி இன்னும் மோசமானது. கொட்டாஞ்சேனையை அண்டிய புளூமெண்டல் குப்பைமேடு பல்லாண்டுகள் நகரின் கழிவைச் சுமந்தது. 2009ஆம் ஆண்டின் பின் அச்சுமை கொலன்னாவைப் பகுதியிலுள்ள மீத்தொட்டமுல்லைக்கு மாற்றப்பட்டது. அங்கு குப்பை மலையென எழுந்தது. அதன் அடிவாரத்தில் வாழ்ந்த மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டனர், வீதியில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தனர். 2017ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து வீடுகளைப் புதைத்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மக்களின் முறைப்பாடுகளைவிடச் சிறந்த ஆபத்து மதிப்பீடு அந்த இடத்தைப் பற்றி எங்கே இருந்தது? சுவரில் வெடிப்புக் கண்டவனின் சொல் ‘முறைப்பாடு’ எனப் பதியப்படுகின்றது. அதே வெடிப்பைப் பின்னர் வந்து அளந்தவரின் சொல் ‘தரவு’ எனப் போற்றப்படுகின்றது. இந்த வேறுபாடு அறிவின் தரத்தாற் பிறந்ததன்று. பேசுபவரின் வர்க்கத்தாற் பிறந்தது.

நகரின் வடிகால் விடயமும் இத்தகையதே. 1992ஆம் ஆண்டு யூன் மாதத்திற் கொழும்பில் ஒரே நாளில் ஏறத்தாழ 490 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2010ஆம் ஆண்டு நவம்பர் மாத மழையிற் பாராளுமன்ற வளாகமே நீரில் மூழ்கியது. சட்டம் இயற்றும் மன்றமே மூழ்கிய பின்னர்தான் வடிகால் பற்றிய கவலை பெரிதாயிற்று என்று கூறுவோர் உளர். எவ்வாறாயினும், 2012ஆம் ஆண்டில் உலக வங்கியின் கடனுதவியோடு பெருநகர் கொழும்பு நகர அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. கால்வாய்கள் செப்பனிடப்பட்டன, முகத்துவாரத்திற் புதிய சுரங்க வழி அமைக்கும் வேலை மேற்கொள்ளப்பட்டது. இவை வேண்டாதன என்று எவரும் கூறார். நகரின் மழைநீர் களனி கங்கைக்கும் செல்லும், வெள்ளவத்தை, தெகிவளை, முகத்துவாரம் ஆகிய வாய்களூடாகக் கடலுக்கும் செல்லும். கங்கை பெருகினால் வடக்கேயுள்ள மதகை மூடியே ஆக வேண்டும். அவ்வேளையிற் கடல்வாய்களே கதி. அவ்வாயைக் கடல் மணல் கொண்டு அடைக்குமாயின் கணினி மாதிரி காட்டும் நீரோட்டம் கணினியிலேயே ஓடும். எந்தக் காற்றில் மணல் சேரும், எந்தப் பாலத்தின் கீழ்ப் பிளாஸ்திக் பைகள் கட்டி நிற்கும், எந்த வடிகால் மூடியைத் திறப்பது கடினம் என்பவற்றைக் கால்வாய்த் தொழிலாளி தன் முதுகெலும்பால் அறிவான். அவனுடைய அறிவு ஒரு வரைபடத்திலேனும் ஒரு குறியாக ஏறுமாயின், அவ்வரைபடம் உயிர் காக்கும்.

வெள்ளவத்தையின் நிலை இன்னும் சிக்கலானது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய ஒழுங்கைகளில் ஒரு தலைமுறைக்கு முன்னர் ஒற்றை வீடுகள் நின்ற இடங்களில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. யுத்தத்தாற் பெயர்ந்து வந்தோர், பிள்ளைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதிய பெற்றோர், வாடகைக்குக் குடியிருக்கும் மாணவர் எனப் பலதிறத்தார் ஒரே மாடிப்படிகளைப் பயன்படுத்துகின்றனர். மின்சாரம் நின்று மின்தூக்கி செயலற்றுப்போனால் எட்டாம் மாடியிலிருக்கும் மூதாட்டியை யார் கீழே இறக்குவது? ஏணி வண்டி அந்த ஒழுங்கைக்குள் திரும்புமா? 2017ஆம் ஆண்டு யூன் 14ஆம் நாள் இலண்டனில் கிரென்பெல் தொடர்மாடி எரிந்து 72 பேர் மாண்டனர். அதனை ஆராய்ந்த விசாரணைக் குழு, கட்டடங்களின் அமைப்புப் படங்கள் தீயணைப்புப் படையினரிடம் முன்கூட்டியே இருக்க வேண்டுமென விதந்துரைத்தது. இலண்டன் போன்ற செல்வம் மிக்க நகரிலேயே அதனைச் சொல்ல வேண்டி வந்தது. வெள்ளவத்தையில் அது யாருடைய பொறுப்பு என்று வினவுவோருக்கு ஒரு காரியாலயம் இன்னொரு காரியாலயத்தைக் காட்டுவதே வழமையாகியுள்ளது.

இக்குற்றச்சாட்டுகளுக்கு எதிராக மூன்று வாதங்கள் கூறப்படுவதுண்டு. அவற்றைத் தனித்தனியே நோக்குதல் தகும்.

ஆபத்து மதிப்பீடு விஞ்ஞானம் சார்ந்தது. மழை வீழ்ச்சியின் புள்ளிவிபரத்தையும் நீரியற் சமன்பாட்டையும் தீயணைப்பு வீரன் அறியான். ஆகவே அவனை அழைப்பதாற் பயனில்லை என்பது முதலாவது வாதம். சமன்பாட்டை அவன் அறியான் என்பது மெய்யே. ஆனால் ஆபத்து என்பது இடரால் மாத்திரம் ஆவதன்று. அதன் பாதையில் நிற்போரும் அவர்தம் வலுவின்மையும் சேர்ந்தே ஆபத்தாகின்றது என்பதை விஞ்ஞானிகளே கூறுகின்றனர். சமன்பாடு முதற் பகுதியைச் சொல்லும். ஏனைய இரண்டையும் களத்தில் நிற்பவனே நன்கறிவான். 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் யப்பானின் செண்டாய் நகரில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சட்டகம் அனர்த்த ஆபத்தை விளங்கிக்கொள்ளுதலையே முதல் முன்னுரிமையாக வைத்து, உள்ளூர் அறிவையும் விஞ்ஞான அறிவோடு இணைத்தல் வேண்டுமென்கின்றது. விஞ்ஞானத்தின் பெயரால் உள்ளூர் அறிவை ஒதுக்குவோர் விஞ்ஞானத்துக்கும் பணிசெய்தாரல்லர்.

களப் பணியாளருக்கு நேரமில்லை. அவர்கள் மாநாட்டு மண்டபத்துக்கு வர இயலாது என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. ஆயின் மண்டபம் அவர்களிடம் செல்லலாமே! மருதானையிலுள்ள தீயணைப்பு நிலையத்தில், பணிமுறை மாறும் வேளையில், ஒரு வரைபடத்தை விரித்து வைத்து ஒரு மணிநேரம் பேசுவதற்கு நட்சத்திர விடுதியும் மதிய போசனமும் வேண்டியதில்லை. அவர்களது நேரத்துக்குச் சம்பளமும் உயர்வுக்கான மதிப்பும் வழங்குதல் வேண்டும். ஆலோசகரின் ஒரு நாட் கட்டணத்தை வழங்கத் தயங்காத திட்டங்கள் தொழிலாளியின் மேலதிக நேரக் கொடுப்பனவுக்கு மாத்திரம் நிதியில்லை என்பது வேடிக்கையாகும்.

ஒத்திகைகள் நடத்தப்படுகின்றன, கருத்துக் கேட்கப்படுகின்றது. ஆகவே பங்களிப்பு ஏற்கனவே உண்டு என்பது மூன்றாவது வாதம். ஒத்திகை என்பது எழுதி முடிக்கப்பட்ட நாடகத்தில் நடிப்பதாகும். நாடகத்தை எழுதும்போது நடிகன் அழைக்கப்பட்டானா என்பதே வினா. முடிந்த வரைபடத்தைக் காட்டிக் கையொப்பம் பெறுவது சேர்ந்து செய்தலாகாது. எந்த வினாவைக் கேட்பது, எதனை அளப்பது, எந்த அளவைத் தாண்டினால் எச்சரிப்பது, யாரை முதலில் எச்சரிப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் ஆரம்ப வேளையிலேயே அவர்கள் அமர்ந்திருத்தல் வேண்டும்.

இது கனவன்று. பிரித்தானியாவில் 2004ஆம் ஆண்டின் குடிசார் அவசரநிலைச் சட்டம் பொலிஸ், தீயணைப்பு, நோயாளர் காவு வண்டிச் சேவை, உள்ளூராட்சி மன்றம் ஆகியவற்றின்மீதே ஆபத்தை மதிப்பிடும் கடமையைச் சுமத்தியது. அவை ஒருங்கிருந்து தத்தம் பகுதிக்கான ஆபத்துப் பதிவேட்டைத் தயாரித்து மக்கள் முன் வைக்கின்றன. கிரென்பெல் காட்டியதுபோல் சட்டம் மாத்திரம் போதாது எனினும், மதிப்பிடுபவரும் மீட்பவரும் ஒருவரே என்னும் கொள்கை அங்கு சட்டமாயிற்று. இந்தோனேசியாவின் யக்கார்த்தா நகரில் 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய வெள்ள வரைபட முயற்சி, ஆய்வாளரும் அந்நகரின் அனர்த்த முகாமைத்துவ நிறுவனமும் சேர்ந்து செய்ததாகும். மக்கள் தம் தெருவின் நீர்மட்டத்தைச் சமூக ஊடகத்தில் அறிவிக்க, அது வரைபடத்தில் ஏறியது.

அந்நியரை ஏன் நோக்க வேண்டும்? ஆழிப்பேரலை நிகழ்ந்த சில நாள்களுக்குள் கொழும்பிலேயே கணினித் துறை சார்ந்த தொண்டர்கள் கூடி ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளும் உதவிகளும் பற்றிய பதிவு ஆகியன அதில் அடங்கின. நிவாரணப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே, அப்பணியில் நின்றோரின் தேவைக்கேற்ப அது வளர்ந்தது. பின்னர் பாக்கிஸ்தானின் 2005ஆம் ஆண்டுப் பூகம்பத்திலும் ஹெயிற்றியின் 2010ஆம் ஆண்டுப் பூகம்பத்திலும் அது பயன்பட்டது. அவ்வாறே, சர்வோதய இயக்கமும் லேர்ன் ஏசியா நிறுவனமும் ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்ட 32 கிராமங்களில் எச்சரிக்கையைக் கடைசிக் குடிமகன் வரை கொண்டுசெல்லும் வழிகளைச் சோதித்தன. கருவி எதுவாயினும் கிராமத்தின் பயிற்சியும் ஒழுங்கமைப்பும் இன்றி அது பயன்தராது என்பது அச்சோதனை உணர்த்திய பாடங்களுள் ஒன்று. இவ்வளவு அனுபவத்தையும் தன் மண்ணிலேயே பெற்ற நாடு, ஒவ்வொரு வெள்ளத்தின் பின்னும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது வெட்கத்துக்குரியது.

இனி, மொழி. 2025ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையைக் கடந்தது. மலையகத்தில் மண்சரிவும் களனி வடிநிலத்தில் வெள்ளமும் சேர்ந்து 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டன. எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அந்நாள்களிற் பகிரங்கமாக எழுந்தது. தமிழ் 1987ஆம் ஆண்டு முதல் அரசியலமைப்பில் அரசகரும மொழியாகவும் உள்ளது. ஆயின் இதனை மொழியுரிமைப் பிரச்சினையாக மாத்திரம் நோக்குவது போதாது. தமிழில் வந்த எச்சரிக்கைதான் எத்தகையது? ‘தாழ்நிலப் பிரதேச மக்கள் அவதானத்துடன் இருக்கவும்’ என்ற வாசகத்தால் ஜிந்துப்பிட்டியில் ஒரு தாய் என்ன செய்ய வேண்டுமென அறிவாள்? அவளது வீடு தாழ்நிலமா அன்றா என்பதை அவளுக்குச் சொன்னவர் யார்? அவதானித்தல் என்பது குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுதலா, கதவைச் சாத்தி வீட்டுக்குள் இருத்தலா? மொழிபெயர்ப்பாளனின் மேசையிற் பிறந்த அத்தமிழ் எவருடைய வாயிலும் வழங்காத தமிழ். அவசர அழைப்பிற் பதறும் குரல்களை நாள்தோறும் கேட்கும் 1990 ஊழியரோடும் வீடு வீடாகச் செல்லும் கிராம உத்தியோகத்தரோடும் இருந்து அவ்வாசகங்கள் எழுதப்படுமாயின், ‘இன்று இரவுக்கு முன் வெளியேறுங்கள், இன்ன பாடசாலைக்குச் செல்லுங்கள்’ என்று அவை பேசும்.

இங்கே பல்கலைக்கழகமும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதே. புவியியற்றுறை மாணவர் வெள்ளத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகின்றனர்; சமூகவியல் மாணவர் கொட்டாஞ்சேனைத் தோட்டக் குடியிருப்புகளில் வினாக்கொத்து நிரப்புகின்றனர்; தமிழ்த்துறையினர் கலைச்சொல் ஆக்குகின்றனர். ஆய்வேடு நூலகத்துக்கும், வினாக்கொத்து பின்னிணைப்புக்கும், கலைச்சொல் அகராதிக்கும் சென்று அடங்குகின்றன. விடை சொன்ன ஒழுங்கைக்கு எதுவும் திரும்பிச் செல்வதில்லை. ‘இடர்’, ‘ஆபத்து’, ‘அனர்த்தம்’ என்னும் சொற்களுக்கிடையே நுண்ணிய வேறுபாடு கற்பிக்கும் அறிஞர், வெள்ளம் வந்தபோது மக்கள் எந்தச் சொல்லைக் கூவினர் என்பதைக் கேட்டறிந்ததுண்டா? தமிழ்ச் சங்கங்கள் விழா எடுப்பதோடு தம் பணி முடிந்ததென எண்ணுமாயின், தமிழில் எச்சரிக்கை இல்லையென்று அரசாங்கத்தை மாத்திரம் கடிந்துகொள்ளும் தகுதி அவற்றுக்கு இல்லை.

எனினும் களப் பணியாளரைத் தெய்வமாக்குதலும் தவறு. அனுபவம் கண்டதை மாத்திரமே அறியும், காணாத பெருவெள்ளத்தை அது எண்ணிப்பாராது. ‘இந்த மதிலுக்கு மேல் நீர் வந்ததில்லை’ என்ற நம்பிக்கை உயிரைப் பறித்துவிடவும் கூடும். அத்தகைய இடத்தில் விஞ்ஞானம் அனுபவத்தைத் திருத்துதல் வேண்டும். சேர்ந்து செய்தல் என்பதன் பொருள் இருதரப்பும் ஒன்றையொன்று திருத்துவதேயாம்.

மேலும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இம்முயற்சியை மேற்கொள்வோர் மறக்கலாகாத வரலாறொன்று உண்டு. 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரத்தில் வாக்காளர் இடாப்புகளைக் கையிலேந்தித் தமிழர் வீடுகள் அடையாளங் காணப்பட்டன. யுத்த காலத்தில் வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிஸில் பதியும் கட்டாயம் இருந்தது. 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள் கொழும்பு விடுதிகளிற் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. பட்டியல் என்றாலே அஞ்சும் மக்களிடம், ‘உங்கள் வீட்டில் எத்தனை பேர், நோயாளர் யார்’ என்று சீருடையினர் வந்து வினவினால் உண்மை வராது. ஆபத்து மதிப்பீட்டுக்கு வேண்டிய தகவலும் அடக்குமுறைக்கு வேண்டிய தகவலும் ஒரே வடிவினவாய் இருப்பதே இங்குள்ள பெரும் சங்கடம். ஆகவே பெயர்களைத் திரட்டாது, இந்த ஒழுங்கையில் தூக்கிச் செல்லப்பட வேண்டியோர் இத்தனை பேர், நீரிழிவு மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டுவோர் இத்தனை பேர் என்னும் அளவில் தேவைகளை மாத்திரம் பதிதல் வேண்டும். அப்பதிவு அவ்வொழுங்கையின் மக்களிடமும் மீட்புச் சேவைகளிடமும் இருக்க வேண்டும். வேறெந்தத் தேவைக்கும் அது பயன்படலாகாது என்பதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். இந்த நம்பிக்கை இன்றேல் எந்த மென்பொருளாலும் பயனில்லை.

செய்ய வேண்டியது தெளிவானது. கொட்டாஞ்சேனையில் ஒரு வட்டாரத்தையும் வெள்ளவத்தையில் ஒரு வட்டாரத்தையும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். தீயணைப்பு, 1990 சேவை, பொலிஸ், மாநகர சபை வடிகாற் பிரிவு, கிராம உத்தியோகத்தர், கோயில், தேவாலயம், பள்ளிவாசல்களின் தொண்டர், முச்சக்கர வண்டிச் சாரதிகள் ஆகியோரை நீரியலாளரோடும் புவியியலாளரோடும் ஒரே மேசையில் அமர்த்துதல் வேண்டும். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, நாகலகம் வீதியின் அடிக்கணக்கைத் தெருக்கணக்காக மாற்றுதல் வேண்டும்: 5 அடியில் எந்தத் தெரு, 7 அடியில் எந்தத் தெரு, அதற்கு மேற்பட்டால் எது? அவ்வரைபடம் சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டு, மழைக்கு முன் சுவரிலும் வண்டியிலும் ஒட்டப்பட வேண்டும். மழைக்குப் பின், அதே மேசையில், எங்கே பிழைத்தது என்று கேட்டுத் திருத்தப்பட வேண்டும். இரண்டு பருவமழைகளின் சோதனைக்குப் பின் ஏனைய வட்டாரங்களுக்கு அதனை விரிக்கலாம். இதற்கு வேண்டியது பெருநிதியன்று. அறிவாளிகள் என்போர் கேட்பதற்கு இணங்குதலே.

பல்கலைக்கழக மாணவருக்கு இதில் நேரடியான பங்கு உண்டு. வரைபடக் கலையறிந்தோர் அதனை வரையட்டும். மொழியறிந்தோர் எச்சரிக்கை வாசகங்களை எழுதி, எழுதியதை ஒழுங்கையில் வாசித்துக் காட்டி, விளங்காததை அழிக்கட்டும். தமிழ்ச் சங்கங்கள் அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பகுதியையும் உறுப்பினரின் விடுமுறையில் சில நாள்களையும் இதற்கென வழங்கட்டும். தென்மேற்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் தவறாது வருகின்றது. நாகலகம் வீதியில் நீர் மீண்டும் அடியடியாய் ஏறும்போது, ஏழு என்ற எண் எந்த வாசற்படியைக் குறிக்கின்றது என்பதை அவ்வாசற்படியில் நிற்பவரும் அவரைக் காக்க வருபவரும் அறிந்திருக்க வேண்டும்.